பிஸே எழுதியதும் நாம் கேட்பதும்

பாரிஸில் ஓபரா எனப்படும் இசை நாடகங்களுக்கான ஓபரா-கோமிக் என்றொரு அரங்கம் உண்டு. 1870களில் அங்கே போய் உட்கார்ந்த எல்லோரும் மேடையைப் பார்க்கத்தான் போனார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் பெண் பார்க்கப் போனார்கள். வரன் பேசும் இரு வீட்டாரும் நாகரிகமாகச் சந்தித்துக்கொள்ளத் தோதான இடம் அது. ஒவ்வொரு இரவும் ஐந்தாறு பாக்ஸ்கள் (தடுத்து ஒதுக்கிய தனி இருக்கைகள்) இந்தக் காரியத்துக்கென்றே எடுக்கப்படுகின்றன என்று அரங்கத்தின் இயக்குநர்களில் ஒருவரான அதோல்ஃப் தெ லூவென் கணக்குச் சொன்னார்.

அவரிடம் ஒரு கதையைச் சொல்லிச் சம்மதம் வாங்க வந்திருந்தார் நாடக ஆசிரியர் லூதோவிக் ஹாலேவி. கதையில் ஜிப்சிகள், கடத்தல்காரர்கள், சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்கள். நாயகி யாருக்கும் அடங்காதவள், கடைசியில் காதலன் கையாலேயே குத்துப்பட்டுச் சாகிறாள். லூவென் பதறிப்போனார். குடும்பங்கள் வரும் இடத்தில், கல்யாணம் பேசும் இடத்தில், மேடையில் கொலையா? கடைசியில் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிவிட்டு, வெளியேறப்போனவரிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தார்: முடிந்தால் அவளைச் சாகவிடாமல் பாருங்கள். பல ஆண்டுகள் கழித்து ஹாலேவியே இதையெல்லாம் எழுதிவைத்தார். 1874-ன் தொடக்கத்தில் லூவென் பதவியை விட்டு விலகினார். அதற்கு இந்த ‘கார்மென்’ ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஓபராவின் இசையமைப்பாளர் ஜார்ஜ் பிஸே. அவரைப் பற்றி உலகம் சொல்லும் கதை ஒரே வரிதான்: கார்மென் தோற்றது, மனம் உடைந்தார், மூன்றே மாதத்தில் 36 வயதில் இறந்தார், பிறகு அதே கார்மென் உலகப் புகழ் பெற்றது. மேடைக்கு ஏற்ற கதைதான். ஆனால் முதல் இரண்டு செய்திகளும் முழு உண்மையல்ல. அவர் வாழ்க்கையில் இதைவிட விசித்திரமான ஒன்று நடந்திருக்கிறது, அது இந்த ஒற்றை வரிக்குள் வரவே இல்லை. இன்று பிஸே என்று நாம் கேட்பதில் பெரும்பகுதியில் வேறொருவருடைய கைவேலையும் கலந்திருக்கிறது. உயிரோடு இருந்தபோது அரங்க முதலாளிகள் அவர் எழுதியதை வெட்டினார்கள். இறந்தபின் நண்பர்களும் பதிப்பாளர்களும் ஒட்டினார்கள்.

பிஸே 1838 அக்டோபர் 25 அன்று பாரிஸில் பிறந்தார். பதிவேட்டில் அலெக்ஸாந்தர் செசார் லெயோபோல்த் என்று மூன்று பேரரசர்களின் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த ஜார்ஜ் என்ற பெயரே நிலைத்தது. அப்பா அதோல்ஃப் முடிதிருத்துபவராகவும் பொய்முடி செய்பவராகவும் இருந்து, பின்னர் பாட்டு வாத்தியாரானவர். அம்மா எமே பியானோ வாசிப்பவர். தாய்மாமன் பிரான்சுவா தெல்சார்த் பாரிஸில் பேர்பெற்ற பாட்டு ஆசிரியர். அப்பா பாடம் நடத்தும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்டே பையன் பாட்டுகளைப் பிசகில்லாமல் பாடப் பழகிவிட்டான். பத்து வயது நிறைவதற்குச் சில நாள் முன்பே, 1848 அக்டோபரில், பாரிஸ் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பியானோவில் முதல் பரிசு 1852-ல் வந்தது.

வாசிப்பில் அவர் எந்த உயரத்தில் இருந்தார் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். 1861-ல் ஒரு விருந்துக்குப் பிறகு பியானோ மேதை லிஸ்ட் தன்னுடைய புதிய உருப்படி ஒன்றை வாசித்துவிட்டு, இதை வாசிக்கக்கூடியவர்கள் ஐரோப்பாவில் இரண்டே பேர் என்றார். பிஸே அந்தக் கையெழுத்துப் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தவுடனேயே வாசித்துக் காட்டினார். லிஸ்ட் தன் கணக்கை மூன்றாகத் திருத்திக்கொண்டாராம். இந்தத் திறமையை வைத்துக் கச்சேரி செய்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். பிஸே மேடையேறி வாசிப்பதை ஏறக்குறைய முற்றிலும் தவிர்த்தார். அவருக்கு ஓபரா எழுத வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று, ஓபரா எழுதுவது என்றால் அன்றைய பிரான்சில் என்ன பொருள் என்று பார்த்துக்கொள்வது நல்லது. இசையமைப்பாளனுக்குப் பெயரும் பணமும் வரும் ஒரே வழி அதுதான். சிம்பொனி எழுதினால் கேட்க ஆளில்லை. ஆனால் ஓபராவுக்கான கதவுகள் மிகக் குறைவு. ‘ஓபரா’ என்றே அழைக்கப்பட்ட அரசு அரங்கம் ஐந்து அங்கம், பாலே, பெரும் காட்சியமைப்பு எல்லாம் கேட்கும். புதுமுகத்துக்கு அங்கே இடமில்லை. இத்தாலிய அரங்கம் இத்தாலியர்களுக்கு. ஓபரா-கோமிக் வசனமும் பாட்டும் மாறிமாறி வரும் வகைக்கானது. பழைய வெற்றிகளையே சுழற்றிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது ‘தேயாத்ர் லிரிக்’ என்ற அரங்கமும் அதன் துணிச்சலான, எப்போதும் கடனில் தத்தளித்த இயக்குநர் லெயோன் கர்வாலோவும்தான்.

வேடிக்கை என்னவென்றால், இசையமைப்பாளனை உருவாக்குவதில் பிரெஞ்சு அரசு தாராளமாகவே இருந்தது. ‘ரோம் பரிசு’ வென்றவனுக்கு ஐந்து ஆண்டுகள் உதவித்தொகை. ரோம் நகரில் வில்லா மெடிச்சி என்ற மாளிகையில் தங்கி எழுதலாம். பிஸே 1857-ல் அந்தப் பரிசை வென்றார். அதற்கு முந்தைய ஆண்டே இசையமைப்பாளர் ஓஃபன்பாக் நடத்திய சிற்றோபரா போட்டியில் ஷார்ல் லெகோக்குடன் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டிருந்தார். ரோமில் இருந்த காலம்தான் அவர் வாழ்க்கையின் மகிழ்ச்சியான பருவம். மாணவர்கள் தேவாலய இசை ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி; இவர் அனுப்பியது ‘டொன் புரொகோபியோ’ என்ற இத்தாலிய நகைச்சுவை ஓபரா. ஆனால் ஐந்து ஆண்டுகள் சோறு போட்ட அரசு, ஆறாம் ஆண்டில் அவன் எழுதியதை எந்த மேடையில் போடுவது என்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பட்டம் கொடுத்துவிட்டு வேலையை நீயே தேடிக்கொள் என்பது போல.

தாயின் உடல்நலம் கெட்டதால் 1860-ல் திரும்பினார். அடுத்த ஆண்டு தாய் இறந்தார். 1862-ல் வீட்டில் வேலை செய்த மாரி ரைட்டர் என்ற பெண்ணுக்கு அவர் மூலம் ஒரு மகன் பிறந்தான். அந்தப் பையன், தான் அதோல்ஃபின் மகன், அதாவது பிஸேயின் தம்பி, என்று நம்பியே வளர்ந்தான். உண்மையை அவன் தாய் 1913-ல் மரணப் படுக்கையில்தான் சொன்னார்.

முதல் பெரிய வாய்ப்பு 1863-ல் வந்தது. ரோம் பரிசு பெற்றவர்களின் புது ஓபராவை ஆண்டுக்கொன்று மேடையேற்றினால் 100,000 பிராங்க் மானியம் என்று அமைச்சர் வாலெவ்ஸ்கி அறிவித்தார். கர்வாலோ பிஸேயைப் பிடித்தார். ஏப்ரலில் ஒப்பந்தம், செப்டம்பரில் அரங்கேற்றம். கதாசிரியர்கள் மிஷெல் கார்ரேயும் யூஜென் கொர்மோனும் கதையை முதலில் மெக்சிகோவில் நடப்பதாக வைத்திருந்து, பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். அதுதான் ‘முத்துக்குளிப்பவர்கள்’.

கதை இது. முத்துக்குளிப்புப் பருவம் தொடங்குகிறது. மீனவர்கள் சுர்காவைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவனுடைய பழைய நண்பன் நாதிர் காட்டிலிருந்து திரும்புகிறான். இருவரும் முன்பு கண்டியில் ஒரு கோயிலில் ஒரே பெண்ணைக் கண்டு மயங்கியவர்கள். நட்புக்காக அவளை மறப்பதாகச் சத்தியம் செய்தவர்கள். இப்போது முகத்திரையிட்ட ஒரு கன்னிப்பெண் படகில் வந்து இறங்குகிறாள். கடலில் இறங்கியவர்களுக்குத் தீங்கு வராமல் பாறைமேல் நின்று பிரம்மாவை நோக்கிப் பாடிக்கொண்டிருப்பது அவள் பணி. அவள்தான் அந்தப் பெண், லைலா. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். பூசாரியின் பெயர் நூராபாத்!

மன்னார்க் கரையை அறிந்த தமிழ் வாசகருக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். பாரசீக வாடை அடிக்கும் பெயர்களோடு பிரம்மாவைக் கும்பிடும் மீனவர்கள். அதிலும் பிரம்மாவுக்கு எங்கே கோயில் என்று தேட வேண்டிய கரையில். உண்மையான சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம். தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் அரபு நாட்டவரும் அங்கே காலில் கல் கட்டி இறங்கினார்கள். பிரெஞ்சுக் கதாசிரியர்களுக்கு இந்த விவரம் எதுவும் தேவைப்படவில்லை. மெக்சிகோ இல்லையென்றால் இலங்கை, இலங்கை இல்லையென்றால் இன்னொன்று. பனைமரம் இருந்தால் போதும்.

ஆனாலும் அந்தப் பாறைமேல் நின்று பாடும் பெண்ணை முழுக் கட்டுக்கதை என்று தள்ள முடியாது. சலாபத்தில் ‘கடல் கட்டி’ என்ற ஒருவர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் தெரிந்தவர். அவர் வந்து ஓதாமல் குளியாட்கள் கடலில் இறங்க மறுப்பார்கள் என்பதால் ஆங்கிலேய அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்ததை எமர்சன் டெனன்ட் போன்ற அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் பெருமீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போகிறது என்றும் அவர்கள் ‘அப்ரையாமன்’கள் என்றும் குறித்தார். எங்கோ ஒரு பயண நூலின் வழியாக இந்தச் சடங்கின் நிழல் பாரிஸ் மேடைவரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். போகிற வழியில் கிழவர் கன்னியாகிவிட்டார்.

1863 செப்டம்பர் 30 அன்று அரங்கேற்றம். பார்வையாளர்கள் கைதட்டினார்கள், பத்திரிகைகள் அடித்தன. கதையில் மீனவர்களும் இல்லை, இசையில் முத்தும் இல்லை என்று ‘ஃபிகாரோ’ விமர்சகர் எழுதினார். இசையமைப்பாளர் மேடைக்கு வந்து வணங்கியதுகூடக் குற்றமாயிற்று. ஆதரித்து எழுதிய பெரிய மனிதர் ஒருவர்தான்: இசையமைப்பாளர் பெர்லியோஸ். விமர்சகராக அவர் எழுதிய கடைசிக் கட்டுரை அது. 18 காட்சிகளோடு ஓபரா நின்றது. இவ்வளவு திறமைசாலி என்று முன்பே தெரிந்திருந்தால் இந்தக் குப்பைக் கதையைக் கொடுத்திருக்க மாட்டோம் என்று கொர்மோன் பின்னால் வருந்தினாராம். பிஸே உயிரோடு இருந்தவரை அது மறுபடி மேடை ஏறவில்லை.

இனி அந்த ஓபராவின் புகழ்பெற்ற பாட்டைப் பார்ப்போம். நாதிரும் சுர்காவும் கோயிலில் கண்ட பெண்ணை நினைத்துப் பாடும் இரட்டைப் பாடல். புல்லாங்குழலும் ஹார்ப்பும் முதலில் அந்த மெட்டை எடுக்க, இரு குரல்களும் சேர்ந்து அதன் உச்சிக்குப் போகும். ஓபராவே கேட்காதவர்கள்கூடக் கேட்டிருக்கக்கூடிய பாட்டு. நாம் கேட்கும் வடிவில் அந்த மெட்டு கடைசியில் திரும்பி வந்து, நெகிழ்ச்சியோடு முடிகிறது. பிஸே 1863-ல் எழுதியது அப்படி முடியவில்லை. அவருடைய பாட்டின் கடைசிப் பகுதி நட்பின் புனிதத்தைப் போற்றும் வேறொரு வேகமான பகுதி. முதல் மெட்டைத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டியது அவர் மறைவுக்குப் பின் பதிப்பாளர் ஷூதான்ஸ் வெளியிட்ட பதிப்பில். அதே பதிப்பில் ஓபராவின் முடிவும் மாறியது. பெஞ்சமின் கோதார் எழுதிய மூவர் பாடல் ஒன்றுகூட உள்ளே நுழைந்தது. பிஸேயின் முழு இசைக்குழுக் கையெழுத்துப் பிரதி பொதுவில் கிடைக்காததால், 1970களுக்குப் பிறகுதான் 1863-ன் பழைய பியானோ பிரதியை வைத்து மூலத்துக்குத் திரும்பும் வேலை தொடங்கியது.

சொல்லப்போனால், ஒட்டுவேலைப் பாட்டுதான் காதுக்கு இன்னும் இனிமை. அதைச் சொல்லவும் சங்கடமாக இருக்கிறது.

அடுத்த பத்தாண்டு பிஸேயின் வாழ்க்கை கூலிவேலையில் கழிந்தது. மற்றவர்களின் ஓபராக்களைப் பியானோவுக்குச் சுருக்குவது, பதிப்பாளர்களுக்காகப் பாட்டுகளைத் தழுவி எழுதுவது, நடன அரங்குகளுக்கு வேண்டியதை இசையமைத்துத் தருவது, பாடம் சொல்லிக்கொடுப்பது. நாளுக்கு 15, 16 மணிநேரம் உழைத்ததாக நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். ‘பெர்த் நகர அழகி’ 1867 டிசம்பரில் அரங்கேறியது. விமர்சனங்கள் நன்றாக இருந்தும் அதே 18 காட்சிகள். ‘நாலாம் இவான்’ என்ற பெரிய ஓபரா அவர் உயிரோடு இருந்தவரை எந்த மேடையும் காணவில்லை. தொடங்கிப் பாதியில் விட்டவை இன்னும் பல. இவருக்குச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது. கதை தரும் ஆள், அரங்கம் தரும் ஆள், பணம் தரும் ஆள் மூவரும் ஒரே நேரத்தில் ஒத்துவராமல் ஓபரா பிறக்காது. மூவரில் ஒருவர் எப்போதும் கழன்றுகொண்டார்.

1869 ஜூன் 3 அன்று தன் மறைந்த ஆசிரியர் ஃப்ரொமந்தால் ஹாலேவியின் (நாடக ஆசிரியர் லூதோவிக்கின் பெரியப்பா) மகள் ஜென்வியேவை மணந்தார். முதலில் அந்தக் குடும்பம் மறுத்தது: காசில்லாதவன், இடதுசாரி, மதநம்பிக்கை இல்லாதவன். கல்யாணம் நடந்தாலும் நிம்மதி நீளவில்லை. மாமியாருக்கு மனநோய், ஜென்வியேவுக்கும் நரம்புத்தளர்ச்சி. மறு ஆண்டு பிரஷ்யாவுடன் போர் வந்தது. பிஸே தேசியக் காவற்படையில் சேர்ந்தார். கொடுக்கப்பட்ட பழைய துப்பாக்கி எதிரியைவிட எங்களுக்குத்தான் ஆபத்து என்று எழுதினார். பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சியின் காலத்தில் மனைவியோடு ஊரைவிட்டு வெளியேறினார்.

போருக்குப் பிறகு எழுதிய இசைதான் வேறு தரத்தில் இருக்கிறது. நாலு கைகள் ஒரே பியானோவில் வாசிக்கும் ‘குழந்தை விளையாட்டுகள்’ 12 சின்னஞ்சிறு துண்டுகள்: ஊஞ்சல், பம்பரம், பொம்மை, சோப்புக் குமிழி. ஒரு சுரம்கூட மிகையில்லை. 1872-ல் அல்ஃபோன்ஸ் தொதேயின் ‘ஆர்ல் நகரத்துப் பெண்’ நாடகத்துக்கு இசை எழுதக் கர்வாலோ மறுபடி அழைத்தார். இந்த முறை அரங்கத்தில் இடமும் இல்லை, பணமும் இல்லை. 26 வாத்தியக்காரர்கள் மட்டும். பிஸே அந்தப் பற்றாக்குறையையே வசதியாக்கிக்கொண்டார். சாக்ஸபோனைச் சேர்த்தார், தென்பிரான்ஸ் நாட்டார் மெட்டுகளைக் கொண்டுவந்தார், வசனத்துக்கு அடியில் இசை மெல்ல ஓடும்படி 27 துண்டுகள் எழுதினார். நாடகம் தோற்றது. மக்கள் முன்னிசையின் போதே பேசிக்கொண்டிருந்தார்கள். சில வாரங்களில் அதிலிருந்து நாலு துண்டுகளை எடுத்துப் பெரிய இசைக்குழுவுக்கு மாற்றி எழுதினார். இசைக்குழு நடத்துநர் பாஸ்தலூவின் கச்சேரியில் அதற்குப் பெரும் வரவேற்பு.

அந்த முதல் தொகுப்பு பிஸேயுடையது. இரண்டாவது தொகுப்பு ஒன்றும் உண்டு, அதுவும் இன்று அடிக்கடி ஒலிக்கிறது. அதைத் தொகுத்தவர் பிஸேயின் ரோம் கால நண்பர் எர்னெஸ்ட் கீரோ, 1879-ல். அதில் புல்லாங்குழலும் ஹார்ப்பும் வாசிக்கும் மினுவே என்ற நடன வகைத் துண்டு ஒன்று வரும். புல்லாங்குழல்காரர்கள் எல்லோருக்கும் பாடமான உருப்படி. அது ‘ஆர்ல் நகரத்துப் பெண்’ணில் இல்லவே இல்லை. கீரோ அதை ‘பெர்த் நகர அழகி’யிலிருந்து பெயர்த்தெடுத்து வைத்தார். தோற்றுப்போன ஒரு வேலையின் கல்லை எடுத்து இன்னொரு தோற்றுப்போன வேலைக்குச் சுவர் எழுப்பி, அந்தச் சுவரும் நின்றுவிட்டது.

இப்போது கார்மெனுக்கு வருவோம். மூலக்கதை 1845-ல் மெரிமே எழுதியது. தேர்ந்தெடுத்தவர் பிஸேதான். லூதோவிக் ஹாலேவியும் அவருடைய கூட்டாளி மெயாக்கும் வசனமும் பாடலும் எழுதினார்கள். பிஸே ஸ்பெயினுக்குப் போனதே இல்லை. போக வேண்டிய அவசியமும் அவருக்குத் தோன்றவில்லை. புகழ்பெற்ற ‘ஹபனேரா’ பாட்டை, கார்மெனாக நடித்த செலெஸ்தின் கலி-மரியே திருப்தி அடையும்வரை மீண்டும் மீண்டும் மாற்றி எழுதினார். கடைசியில் ஒரு நாட்டுப்பாடல் என்று நினைத்து அவர் எடுத்துக்கொண்ட மெட்டு, உண்மையில் செபாஸ்தியான் இராதியேர் என்ற ஸ்பானியரின் படைப்பு. அவர் இறந்து பத்தாண்டுகள்கூட ஆகவில்லை. தெரிந்ததும் அச்சுப்பிரதியில் குறிப்புப் போட்டார்கள். இந்த முறை ஒட்டியவர் பிஸேதான். ஆனாலும் அந்த மெட்டு அரையரைச் சுரமாகச் சறுக்கி இறங்கும் விதமும், அதன் அடியில் செல்லோ விடாமல் ஒரே தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பதும் கார்மெனைச் சில விநாடிகளில் கண்முன் நிறுத்திவிடுகின்றன. அவளைத் தொடரும் விதியின் இசைத்துணுக்கில் வரும் ஓர் இடைவெளி நமக்கு அந்நியமானதல்ல. மாயாமாளவகௌளையில் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவில் இருக்கும் அதே தூரம்.

ஒத்திகை பெரும்பாடு. இதை வாசிக்கவே முடியாது என்றார்கள் வாத்தியக்காரர்கள். கோரஸ் பெண்களுக்கு இன்னும் சிக்கல். அதுவரை அவர்கள் வரிசையாக வந்து நின்று நடத்துநரைப் பார்த்துப் பாடிவிட்டுப் போனவர்கள். இப்போது ஒவ்வொருவராக மேடைக்கு வர வேண்டும், புகைக்க வேண்டும், அடித்துக்கொள்ள வேண்டும், அதற்கிடையில் பாடவும் வேண்டும். இயக்குநர் தூ லோக்லே இதைப் புரியாத கொச்சின்-சீன இசை என்று சொன்னதாகப் பேச்சு. மாற்றங்களைத் திணிக்க முயன்றபோது கலி-மரியேயும் நாயகனாக நடித்த லேரியும் பிஸே பக்கம் நின்றார்கள்.

1875 மார்ச் 3. அன்று காலைதான் பிஸேக்கு அரசின் ‘லெஜியன் ஆஃப் ஹானர்’ பட்டம் அறிவிக்கப்பட்டது. மாலையில் என்ன நடந்தது என்பதை ஹாலேவி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். முதல் அங்கம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வாழ்த்துக் கூட்டம். இரண்டாம் அங்கத்தில் காளைச்சண்டை வீரனின் பாட்டுக்கு ஆரவாரம். அதற்குப் பிறகு குளிர ஆரம்பித்தது. மூன்றாவதில் நாயகனைத் தேடிவரும் கிராமத்துப் பெண் மிகயேலாவின் பாட்டுக்கு மட்டும் கைதட்டல். நாலாம் அங்கத்தில், உள்ளே அரங்கில் கூட்டம் வெற்றி முழக்கம் எழுப்ப, வெளியே தனியாக ஒரு ஆண் ஒரு பெண்ணைக் குத்துகிறான். இரண்டு இசையும் ஒன்றன்மேல் ஒன்றாக மோதுகின்றன. ஓபரா வரலாற்றிலேயே சிறந்த முடிவுகளில் ஒன்று என்று நான் நினைப்பது அதை. அன்று அவை உறைந்து கிடந்தது. வாழ்த்த வந்தவர்கள் மூன்று நாலு பேர்தான். இசையமைப்பாளர் கூனோ, பிஸேயின் வாழ்நாள் ஆசான், முகத்துக்கு நேரே பாராட்டிவிட்டு, தனியே வேறு மாதிரி பேசினார் என்கிறார்கள்: ஸ்பானிய மெட்டுகளையும் என்னிடமிருந்து எடுத்ததையும் கழித்தால் மீனை மூடிய குழம்புதான் மிச்சம்.

பத்திரிகைகள் நாயகியின் ஒழுக்கத்தைக் குதறின. இசையைப் பற்றி வந்த குற்றச்சாட்டு அதைவிட வேடிக்கை: மெட்டே இல்லையாம், ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரைப் பின்பற்றுகிறாராம்! ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கார்மென் நின்றுபோகவில்லை. ஜூன் தொடக்கத்துக்குள் 33 காட்சிகள், அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் மொத்தம் 48. பல நாள் பாதி அரங்கம் காலி, இலவசச் சீட்டும் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் பிஸேயின் மற்ற இரண்டு பெரிய ஓபராக்களும் 18-ஐத் தாண்டவில்லை என்பதோடு ஒப்பிட்டால், அவர் உயிரோடு கண்ட மிகப் பெரிய ஓட்டம் கார்மென்தான்.

சாவுக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது இன்னும் பலவீனமான வாதம். சிறு வயதிலிருந்தே அவருக்குத் தொண்டையில் அடிக்கடி சீழ்க்கட்டி வரும். விடாமல் புகைப்பார். அந்த வசந்தத்தில் நோய் கடுமையாகத் தாக்கியது. மே இறுதியில் சேன் நதிக்கரையில் உள்ள பூஜிவாலுக்குப் போனார். கொஞ்சம் தேறியதும் நதியில் நீந்தினார். மறுநாள் காய்ச்சல், மூட்டுவலி. பின் மாரடைப்பு, சிறிது நிதானம், மறுபடி மாரடைப்பு. 1875 ஜூன் 3 அதிகாலையில் உயிர் பிரிந்தது. அன்று அவர்களின் ஆறாவது திருமண நாள். மனச்சோர்வு இருந்தது உண்மையே. ஆனால் அவரைக் கொன்றது இதயமும் காய்ச்சலும். இறுதிச் சடங்குக்கு 4,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அன்றிரவு கார்மெனைச் சிறப்புக் காட்சியாகப் போட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன் ஏசிய பத்திரிகைகள் ஒரு மேதையை இழந்துவிட்டோம் என்று எழுதின. இது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

இறப்பதற்கு முன் பிஸே வியன்னா அரங்கத்துடன் கார்மெனுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார். வியன்னாவுக்கு வசனம் பேசும் ஓபரா ஒத்துவராது. எல்லாமே பாடப்பட வேண்டும். வசனங்களுக்குப் பதில், நம் விருத்தம் போலத் தாளக்கட்டு இல்லாமல் பேச்சைப் பாட்டாகச் சொல்லும் ரெசிடேட்டிவ் பகுதிகளை எழுதியவர் மறுபடியும் அதே கீரோ. கடைசியில் வியன்னா மேடையில் மூல வசனத்தில் சிலவற்றையும் கீரோ எழுதியதில் சிலவற்றையும் கலந்தே போட்டார்கள். 1875 அக்டோபர் 23 அன்று அங்கே அது பெரும் வெற்றி. கார்மென் பிரஸ்ஸல்ஸ், லண்டன், நியூயார்க் என்று பரவியது; பிரான்சுக்கு வெளியே கீரோவின் கை பட்ட வடிவங்களே வழக்கமாயின. சைக்கோவ்ஸ்கி பாரிஸில் பார்த்துவிட்டுப் பத்தாண்டுகளில் இது உலகிலேயே மிகவும் விரும்பப்படும் ஓபராவாகும் என்று எழுதினார். வாக்னரை வெறுக்கத் தொடங்கிய தத்துவஞானி நீட்சே, கார்மெனை 20 முறை கேட்டேன் என்று 1888-ல் பெருமையாக அறிவித்தார். இவர்களில் நீட்சே போன்றவர்கள் கேட்டது கீரோ கலந்த கார்மெனைத்தான்.

கீரோவைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவர் எழுதியிராவிட்டால் ஓபரா பிரான்சின் எல்லையைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் பேச்சு வசனத்தில் கார்மெனைக் கொல்லும் காதலன் ஹொசே தன் பழைய வாழ்க்கையில் ஏற்கெனவே அடிதடியில் மாட்டிய ஆள் என்பது வெளிப்படும்; கார்மெனின் கிண்டலும் அங்கேதான் கூர்மை. பாட்டாக மாறும்போது அது பெரும்பாலும் போய்விட்டது. நல்லவன் ஒருவன் மாயக்காரியிடம் சிக்கிக் கெட்டான் என்று நூறாண்டு காலம் கதையைப் படித்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். 1964-ல் ஃபிரிட்ஸ் ஓசெர் வசனத்தோடு ‘மூல வடிவம்’ என்று ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். அவரோ, ஒத்திகையில் பிஸே தானே யோசித்து நீக்கிய பகுதிகளையும் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். பிஸே வேண்டாம் என்றதைச் சேர்ப்பது எப்படி மூலமாகும் என்று ஆய்வாளர் வின்டன் டீன் கடுமையாகக் கேட்டார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஒவ்வொரு அரங்கமும் தனக்கு வேண்டிய கார்மெனைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்கிறது.

பெண் பார்க்கும் பாக்ஸ்கள் இருந்த அந்தக் கட்டடம் 1887 மே மாதம் ஒரு காட்சியின் நடுவே தீப்பிடித்து எரிந்தது. 80-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது இயக்குநராக இருந்தவர் பிஸேயின் பழைய கர்வாலோதான். 1883-ல் கார்மெனை அதே மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தவரும் அவரே; முதலில் காரம் குறைத்துப் போட்டார், ரசிகர்கள் விடாததால் அந்த ஆண்டே கலி-மரியேயைத் திரும்ப அழைத்தார். புதிய கட்டடத்தில் 1904 டிசம்பரில் ஆயிரமாவது காட்சி நடந்தது.

ஜென்வியேவ் வழக்கறிஞர் எமில் ஸ்த்ராஸை மறுமணம் செய்துகொண்டு, பாரிஸின் பேர்பெற்ற விருந்துக்கூடம் ஒன்றை நடத்தினார். எழுத்தாளர் மார்சல் புரூஸ்ட் அங்கே வந்துபோனவர். பிஸேயின் மகன் ழாக்கின் பள்ளித் தோழர். கணவனின் கையெழுத்துப் பிரதிகளை ஜென்வியேவ் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. சில தொலைந்தன, சில தானமாயின. தப்பியவற்றில் ஒரு கட்டு இசையமைப்பாளர் ரெனால்டோ ஹான் கைக்கு வந்து, அவர் மூலம் இசைக் கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1933-ல் அந்தக் கட்டுக்குள் ஒரு சிம்பொனி இருப்பது தெரிந்தது. சி மேஜரில், நாலு பகுதிகள். 1855-ல், 17 வயது நிறைந்த நாலாம் நாள் தொடங்கி ஒரு மாதத்துக்குள் பிஸே எழுதி முடித்தது. அதே ஆண்டு கூனோவின் முதல் சிம்பொனியைப் பியானோவுக்கு மாற்றி எழுதும் வேலையை அவர் செய்திருந்தார்; இந்த சிம்பொனியில் அதன் சாயல் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆசானைக் காப்பியடித்தான் என்று ஊர் சொல்லும் என்று கூசியே பெட்டியில் போட்டிருக்க வேண்டும் என்று பலரும் கருதுகிறார்கள். யாரிடமும் காட்டவில்லை, எந்த அரங்கத்துக்கும் அனுப்பவில்லை. ஆகவே வெட்ட ஆளில்லை, ஒட்ட ஆளில்லை. 1935 பிப்ரவரி 26 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஃபெலிக்ஸ் வைன்கார்ட்னர் அதை முதன்முதலாக வாசிக்கவைத்தார். எழுதி 80 ஆண்டுகள் கழித்து, இரண்டாம் பகுதியில் ஓபோ என்ற ஊதுவாத்தியம் தனியாக எடுக்கும் அந்த நீண்ட மெட்டை அன்றுதான் காதால் கேட்டார்கள்.